பிறகு வரவும்

அக்டோபர் 10, 2011, திங்கள்

கேப்டன் டெரன்ஸ் மிராண்டா இந்த டைரியை என் மேசையில் வைத்துவிட்டு, "என்னைக்கு என்ன கோளாறு, நீ என்ன செஞ்ச, எல்லாத்தையும் இதுல எழுது, கிளாடிஸ். கப்பல்ல லாக் புக் எழுதற மாதிரி. சொந்தக் கதை எதுவும் வேண்டாம்" என்றார். அவர் வாழ்நாளெல்லாம் கப்பல் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் தூத்துக்குடி பீச் ரோட்டில் இந்தச் சின்ன கம்பெனியைத் தொடங்கினார். வெளிநாட்டுக் கப்பல்களுக்கு ஆள் எடுத்து அனுப்புகிறோம்.

இப்போது மூன்று கப்பல்களில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதும் மெயில் எல்லாம் சாட்டிலைட் வழியாக எங்கள் மெயில் சர்வருக்கு வரும். வீட்டில் இன்டர்நெட் இல்லாதவர்கள் எங்கள் முன்னறைக்கு வந்து, அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் படித்துவிட்டுப் பதில் எழுதிவிட்டுப் போவார்கள். சர்வர் என்பது என் மேசைக்குக் கீழே இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. லினக்ஸில் ஓடுகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்தது. நான் சென்னை வேலையை விட்டு வந்து சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது.

கோளாறு: மெயில் வாங்கும் புரோகிராம் தானாக நின்றுபோகிறது.
செய்தது: திரும்ப ஓட விட்டேன்.
காரணம்: தெரியவில்லை.

அக்டோபர் 11, செவ்வாய்

மறுபடி நின்றது. மறுபடி ஓட விட்டேன்.

அக்டோபர் 13, வியாழன்

காரணம் கிடைத்துவிட்டது. ஸ்பேம் மெயிலைச் சலித்தெடுக்கும் புரோகிராம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக மெமரி முழுவதையும் தின்றுவிடுகிறது. மெமரி தீர்ந்தால் முழு இயந்திரமும் விறைத்து நின்றுவிடும். அப்படி ஆகாமல் இருக்க லினக்ஸ் ஒரு காரியம் செய்கிறது. ஓடிக்கொண்டிருப்பவற்றில் எதைப் பலி கொடுத்தால் மற்றவை பிழைக்கும் என்று தானே கணக்குப் போட்டு, அதைக் கொன்றுவிடுகிறது. பிறகு யாரைக் கொன்றேன், ஏன் கொன்றேன் என்று பதிவும் எழுதி வைக்கிறது. புத்தகத்தில் படித்திருக்கிறேன். சென்னையில் ஆயிரக்கணக்கான சர்வர்களைத் திரையில் வரைபடமாகத்தான் பார்த்தேன். ஒரு பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அது எழுதி வைத்த வரியைப் படித்தது இன்றுதான் முதல் தடவை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரோகிராமுக்கு ஒரு வரம்பு வைத்தேன். மெமரியும் கூட்டினேன். நின்றது.

அதாவது, நிற்பது நின்றது.

அக்டோபர் 17, திங்கள்

நான்கு நாளாகச் சர்வர் ஒருமுறைகூட நிற்கவில்லை. கேப்டனிடம் சொன்னேன். "நல்லது" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

மதியம் ரோஸ்லின் வந்தாள். செலஸ்டா என்ற கப்பலில் ஃபிட்டராக இருக்கும் கிங்ஸ்லியின் மனைவி. இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். இடுப்பில் மகன். முன்னறையில் உட்கார்ந்து மெயில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க மிசின் ரிப்பேர்னு சொன்னாகளே, சரியாயிட்டா?"

"சரியாயிட்டு, ரோஸ்லின்."

"அப்பம் ஒண்ணுமே வரலியே. மூணு வாரமாவுது."

பதிவுகளைப் பார்த்தேன். கிங்ஸ்லி பெயரில் அவளுக்கு எதுவும் வந்து சேரவில்லை. ஆனால் அதே கப்பலிலிருந்து மற்ற வீடுகளுக்கு வந்திருக்கிறது. அவளுக்கும் அது தெரியும்.

"ஜெனிட்டாவுக்கு நேத்து வந்துருக்கு. அவ வீட்டுக்காரரும் இவுகளும் ஒரே கேபின்தான். இவுக மெயிலுக்கு மட்டும் கடல்ல வழி இல்லியா?"

கேப்டன் வெளியே வந்தார். "செலஸ்டா கேப்டன்ட்ட போன்ல கேட்டேம்மா. கிங்ஸ்லி நல்லா இருக்கான். வேலைக்கு ஒழுங்கா வாரான்."

"நல்லா இருக்காகன்னா எழுத வேண்டியதுதான சார்."

அவள் போன பிறகு கேப்டன்தான் சொன்னார். கிளம்பும்போது இருவருக்கும் சண்டையாம். இதோடு கப்பல் வேலை வேண்டாம், கரையில் ஏதாவது பாருங்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போயிருக்கிறான். கப்பல் போனில் பேச வாங்கிய கார்டும் அவனுக்குத் தீர்ந்துவிட்டது. அடுத்த துறைமுகம் வரை மெயில்தான்.

சர்வர் சரியாக இருக்கிறது என்று அவளிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். அது உறுத்துகிறது.

அக்டோபர் 18, செவ்வாய்

செலஸ்டாவில் மெயில் கம்ப்யூட்டரைக் கவனிப்பவர் எலெக்ட்ரிக்கல் ஆபீசர். பெயர் ததேயு. ஊர் குளச்சல். இங்கிருந்து கப்பலுக்குப் போகும் மெயிலில் சிக்கல் எதுவும் இல்லை. அதனால் அவருக்கு எழுதினேன். கிங்ஸ்லி உண்மையிலேயே மெயில் அனுப்புகிறாரா, எப்போது அனுப்புகிறார் என்று பார்த்துச் சொல்லவும். கூடவே, முடிந்த நாளெல்லாம் எனக்கு ஒரு சோதனை மெயில் எண் போட்டு அனுப்பவும். எந்த எண் வரவில்லை என்று பார்த்தால் எவ்வளவு தவறுகிறது என்று தெரிந்துவிடும்.

அக்டோபர் 21, வெள்ளி

சோதனை 1 வரவில்லை. சோதனை 2 வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

"மேடம், கிங்ஸ்லி அனுப்புறார். நான் என் கண்ணால பாத்தேன். எங்க பக்கம் கியூவுல இருக்கு, போகமாட்டேங்குது. சில பேரோடது உடனே போகுது. ஏன்னு எனக்கும் புரியல. சோதனை மெயில்ல என்ன எழுதணும்னு நீங்க சொல்லல. அதனால கண்ணுக்குத் தெரியறத எழுதுறேன். கப்பல் காலியா இருக்கு, சரக்கு இல்ல. தெற்கு அட்லாண்டிக்ல கிழக்கே போயிட்டு இருக்கோம். சுத்தி ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லங்கறது இவ்வளவு பெருசா இருக்கும்னு கரையில இருந்தப்ப நினைச்சதில்ல."

கிங்ஸ்லி எழுதுகிறார் என்று ரோஸ்லினுக்குப் போன் செய்து சொன்னேன். "எழுதுறாகன்னா எங்கக்கா?" என்றாள். கேட்டது நியாயம்தான்.

செய்தது: பதிவுகளில் கிங்ஸ்லி பெயரைத் தேடி, முதலில் சிக்கிய வரியைப் படித்தேன். ஒரு மெயில் நம் சர்வர் வரை வந்திருக்கிறது. "இப்போது முடியாது, பிறகு வரவும்" என்று சர்வர் சொல்லியிருக்கிறது. இது பிழை இல்லை. முன்பின் தெரியாத இடத்திலிருந்து வரும் எல்லா மெயிலுக்கும் முதல் தடவை இதே பதில்தான். ஸ்பேம் அனுப்பும் இயந்திரங்களுக்குப் பொறுமை கிடையாது, ஒருமுறை விரட்டினால் திரும்பி வராது. ஒழுங்கான மெயில் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும், அப்போது உள்ளே விட்டுவிடும். எனக்கு முன்னால் இருந்தவர் வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. தினமும் ஆயிரக்கணக்கான ஸ்பேம் இதனால் வாசலோடு போய்விடுகிறது.

ஆகவே கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அக்டோபர் 25, செவ்வாய்

நாளை தீபாவளி, ஆபீஸ் விடுமுறை. மதியமே கேப்டன் எல்லோரையும் போகச் சொன்னார். சோதனை 3 வரவில்லை என்பதால் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். சோதனை 4 வந்தது.

"ஒரு பறவை கூடவே வருது. அல்பட்ராஸ். சிறகு ரெண்டும் சேர்ந்தா நம்ம வீட்டு முன்னறை அகலம் இருக்கும். காலையில இருந்து பாக்கேன், ஒரு தடவகூட சிறக அடிக்கல. அலைக்கு மேல எழும்புற காத்துல சும்மா சாஞ்சே வருது. அது கரையைப் பாத்து மாசக்கணக்கா இருக்கும்னு சீப் ஆபீசர் சொல்றார். மேடம், அது தூங்குமான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். பறந்துகொண்டே தூங்குவதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள், உறுதியாக யாருக்கும் தெரியாது. சோதனைக்கு இது தேவையில்லை என்றாலும் பதிலில் எழுதினேன். மெயில் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க ஏதாவது எழுதத்தானே வேண்டும்.

அக்டோபர் 29, சனி

சோதனை 7 வந்திருக்கிறது. 5, 6 இல்லை.

"பறவை இன்னும் போகல. சோதனை 6-ல நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. பரவால்ல மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

6 எனக்கு வரவே இல்லை என்று உடனே எழுதினேன். என்ன கேட்டீர்கள் என்றும் எழுதினேன். கோளாறைக் கண்டுபிடிக்க 6 முக்கியம்.

அக்டோபர் 31, திங்கள்

சோதனை 9 வந்தது. தண்ணீரின் நிறம் மாறிவிட்டதாம், காற்று குளிர்கிறதாம். 6-இல் கேட்டதைத் திரும்பச் சொல்லவில்லை. "அது அப்படியே கியூவுல கிடக்கட்டும். வரும்போது வரட்டும். எங்க பக்கம் மெயில் அஞ்சு நாள்ல திரும்பி வந்துடும்னு ஒரு செட்டிங் இருந்தது. அதை நான் கப்பல் ஏறினப்பவே எடுத்துட்டேன். அதனால எதுவும் திரும்பாது. போய்ச் சேர்ற வரைக்கும் முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கும்."

கேப்டனிடம் கோளாறு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "ததேயுவா? நல்ல பையன். நாப்பது ஆகப்போவுது, கல்யாணம்னு சொன்னா அடுத்த கப்பல் எதுன்னு கேப்பான். வீட்ல அம்மா மட்டும்தான்" என்றார். நான் அதைக் கேட்கவில்லை.

நவம்பர் 2, புதன்

கல்லறைத் திருநாள். காலையில் அம்மாவோடு அப்பா கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். மழை தூறிக்கொண்டிருந்தது, திரி நிற்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு நின்றோம். திரும்பும்போது அம்மா, "ஏட்டி, நாசரேத் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஞாயித்துக்கெழம வரலாமான்னு கேக்காங்க" என்றாள். ஆபீஸில் வேலை அதிகம், இப்போது வேண்டாம் என்று சொன்னேன். உண்மையிலேயே வேலை அதிகம்.

சோதனை எதுவும் வரவில்லை.

நவம்பர் 4, வெள்ளி

ரோஸ்லின் கடைசியாக ஒருமுறை வந்து பார்த்தாள். இன்றும் இல்லை.

"நான் மணப்பாட்டுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன் அக்கா. வாடகை வீட்டுச் சாவிய கேப்டன் சார்ட்ட குடுத்துட்டேன். அவுக வந்து கேட்டாகன்னா குடுத்துருங்க."

"எப்ப திரும்பி வருவ?"

"தெரியல. இவ்வளவு நாள் ஒரு மனுசன் வாயே தெறக்கலைன்னா அதான பதில். எனக்குப் புரிஞ்சிட்டு."

"அவர் எழுதிட்டுதான் இருக்கார் ரோஸ்லின். மெயில் சிக்கியிருக்கு."

"நீங்க நல்லவங்க, அக்கா. அதனால சொல்றீங்க."

பையன் கையில் வைத்திருந்த பிஸ்கட்டை என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 7, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

இதுவரை ஒரு மெயில் ஒருமுறை வந்ததை மட்டும் பார்த்து, "சரி, அடுத்த தடவை உள்ளே விட்டிருக்கும்" என்று விட்டுவிட்டேன். அடுத்த தடவையைத் தேடியதே இல்லை. காலையில் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, கிங்ஸ்லியிடமிருந்து ரோஸ்லினுக்கு என்ற வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். திரை நிரம்பியது. அடுத்த திரையும் நிரம்பியது. விரலை எடுக்காமல் கீழே போய்க்கொண்டே இருந்தேன், முடியவே இல்லை. செப்டம்பரிலிருந்து, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை, அந்த மெயில்கள் நம் வாசலுக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் நம் சர்வர் அதே மரியாதையோடு அதே பதிலைச் சொல்லியிருக்கிறது. பிறகு வரவும். பிறகு வரவும்.

ஏன் ஒருமுறைகூட அடையாளம் தெரியவில்லை? அதற்கும் விடை அதே வரிகளில் இருந்தது. சர்வர் அடையாளம் பார்ப்பது மூன்றை வைத்து: யார் எழுதியது, யாருக்கு, எந்த இன்டர்நெட் முகவரி எண்ணிலிருந்து வந்தது. முதல் இரண்டும் மாறவில்லை. மூன்றாவது ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கிறது.

சாட்டிலைட் கம்பெனிக்குப் போன் செய்தேன். நான் கேட்டது ஒரு எளிய கேள்வி. அவர்களும் எளிதாகவே பதில் சொன்னார்கள். அட்லாண்டிக் பக்கம் முன்பு தரையில் ஒரே ஒரு நிலையம் இருந்ததாம், செப்டம்பரில் பலவாக ஆக்கிவிட்டார்களாம். கப்பலிலிருந்து மேலே போகும் மெயில் எந்த நிலையத்தில் இறங்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு முயற்சியும் வேறொரு வாசலிலிருந்து வருகிறது, நம் சர்வருக்கு ஒவ்வொரு தடவையும் அது புது ஆள். ஒருமுறை பார்த்த முகவரியைச் சர்வர் ஒரு மணி நேரத்தில் மறந்தும்விடுகிறது. அதற்குள் தற்செயலாக ஒரே நிலையத்தில் இரண்டு முறை இறங்கிய மெயில்கள் மட்டும் உள்ளே வந்திருக்கின்றன. ஜெனிட்டாவுக்கு அந்தத் தற்செயல் வாய்த்தது. ரோஸ்லினுக்கு வாய்க்கவில்லை. மற்ற இரண்டு கப்பல்களும் வங்காள விரிகுடாவில் இருப்பதால் அவற்றுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

எதுவும் உடையவில்லை. கப்பல் செய்ய வேண்டியதைச் செய்தது. சாட்டிலைட் செய்தது. நம் சர்வரும் சொன்னபடி செய்தது. எல்லாம் சரியாக இருந்தே ஒருத்தி வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வரிகளை நான் இன்னும் மனதில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கப்பலிலிருந்து முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே போய், அதே அளவு கீழே இறங்கி, கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள் வழியாக பீச் ரோட்டில் என் காலடியில் இருக்கும் பெட்டி வரை வந்து, ஒரு வரியில் திருப்பி அனுப்பப்பட்டு, அரை மணி கழித்து மறுபடி அவ்வளவு தூரமும் வந்திருக்கிறது. சலிக்கவே இல்லை.

செய்தது: செலஸ்டாவின் பெயரைச் சொல்லி எந்த நிலையத்திலிருந்து வந்தாலும் உடனே உள்ளே விடும்படி மாற்றினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். கேப்டனைக் கூப்பிட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பதிவு ஓடும் திரையை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வரி. கிங்ஸ்லியிடமிருந்து ரோஸ்லினுக்கு, ஏற்கப்பட்டது. அடுத்து இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி வரிகள் கொட்டின, கிங்ஸ்லி, சமையல்காரர், இரண்டாம் இன்ஜினியர், கிங்ஸ்லி, கிங்ஸ்லி. செப்டம்பர் தேதியும் அக்டோபர் தேதியும் கலந்து வந்தன. கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணுகூட முங்கலியே" என்றார்.

"இல்ல சார்."

நடுவில் ததேயுவின் சோதனை 1, 3, 5, 6, 8, பிறகு 10 முதல் மீதி எல்லாம் வந்தன. 6-ஐப் படித்தேன், அதில் இருந்தது லாக் புக்குக்கு உரியது இல்லை. பதில் அனுப்பினேன்.

நவம்பர் 8, செவ்வாய்

ரோஸ்லின் போன் எடுக்கவில்லை. மணப்பாட்டில் இன்டர்நெட்டுக்கு அவள் எங்கே போவாள்? கிங்ஸ்லியின் மெயில்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் பிரின்ட் எடுத்தேன். காகிதம் வெளியே வரும்போதே கவிழ்த்துப் போட்டு, படிக்காமல் கவரில் வைத்து ஒட்டினேன். கவர் தடிமனாக இருந்தது. கேப்டன் தன் காரை டிரைவரோடு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

நவம்பர் 9, புதன்

மணப்பாடு. மழை விட்டிருந்தது. மணல்குன்றின் மேல் கோயில், அதற்குக் கீழே கடல். ரோஸ்லினின் அம்மா வீடு கடலைப் பார்த்த தெருவில் கடைசி. கவரைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே அவள் கவரைப் பிரித்துவிட்டாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். அவள் அம்மா எனக்குக் காப்பி கொடுத்தார். பையன் ஈர மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தான். நான் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று முயன்றேன். முடியவில்லை. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கடைசித் தாளில் சிரித்தாள், அப்புறம்தான் அழுதாள்.

"இதெல்லாம் நீங்க படிச்சீங்களா, அக்கா?"

"இல்ல."

"மொத மூணு மெயிலும் சண்டை. அவ்வளவு அசிங்கமா எழுதிருக்காக. எங்கம்மாவ வேற இழுத்து. நீ சொன்னா நான் கடல விடணுமா, உங்க வீட்டாளு சோறு போடுவாகளான்னு." தாளை மடியில் நீவிவிட்டாள். "இது மட்டும் எழுதின அன்னைக்கே வந்துருந்தா, நான் அன்னைக்கே கெளம்பிருப்பேன். பதிலும் எழுதிருப்பேன். அது எழுதினா அதோட எல்லாம் முடிஞ்சிருக்கும். எனக்கு என்னைத் தெரியும்."

காப்பித் தம்ளரைப் படியில் வைத்தேன்.

"நான் எதுவும் எழுதலன்னதும் அவுகளுக்குக் கோவம் எறங்கிட்டு. அப்புறம் பயம் வந்துட்டு. என்னாச்சு, பிள்ளைக்குக் காய்ச்சலா, ஏன் பேச மாட்டேங்கன்னு பத்து தடவை கேட்டிருக்காக. பின்னால அந்த மூணு மெயிலையும் படிக்காம அழிச்சிருன்னு ஒண்ணு. இந்தா, நான் மொதல்ல படிச்சதே அந்த மூணயும்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசில என்ன எழுதிருக்காக தெரியுமா? இன்னைக்குப் புளிக்குழம்பு, உப்பு கூடிட்டுன்னு. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல."

"கப்பல் வேலைய பத்தி?"

"இந்த காண்ட்ராக்ட் முடியட்டும், அப்புறம் நீ சொல்றதுன்னு எழுதிருக்காக. அத நான் பாத்துக்கிடுதேன்." எழுந்து சேலையிலிருந்த மணலைத் தட்டினாள். "கார்ல எடம் இருக்கா, அக்கா? வீட்டுக்குப் போணும். பதில் எழுதணும்."

வழியெல்லாம் பையன் என் மடியில் தூங்கினான். ஒரு மாதமாக இதைக் கோளாறு என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று அந்தச் சொல்லை எழுதப் பேனா ஓடவில்லை. நான் என் வேலையைத் திறமையாகச் செய்து செப்டம்பரிலேயே இதைக் கண்டுபிடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்தபடியே பையன் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 12, சனி

சர்வர் நன்றாக ஓடுகிறது. செலஸ்டா மெயில்கள் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகின்றன. சோதனை இனி தேவையில்லை. ஆனாலும் கொஞ்ச நாள் தொடர்வது நல்லது என்று இரண்டு பக்கமும் முடிவு செய்திருக்கிறோம்.

நவம்பர் 16, புதன்

சோதனை 24. தென்னாப்பிரிக்காவில் நிலக்கரி ஏற்றிக் கிளம்பிவிட்டார்கள். இந்த நிலக்கரி எங்கே போகிறது என்று நேற்றுத்தான் உத்தரவு வந்ததாம். தூத்துக்குடிக்கு.

கேப்டன் இதைச் சொன்னபோது எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லவில்லை.

நவம்பர் 30, புதன்

செலஸ்டா நேற்று துறைமுகத்தில் வந்து நின்றது. கப்பலில் இருக்கும் மெயில் புரோகிராமையும் நேரில் பார்த்துச் சரிசெய்துவிடு என்று கேப்டன் பாஸ் வாங்கிக் கொடுத்தார். வேலைதான். ரோஸ்லினும் பையனும் என்னோடு துறைமுக வாசல் வரை வந்தார்கள். கிங்ஸ்லி அங்கேயே காத்துக்கொண்டிருந்தான். கனத்த ஆள். தோளில் பெரிய பையோடு, அதைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். அவள்தான் பையை வாங்கிக் கீழே வைத்தாள். நான் உள்ளே நடந்துவிட்டேன்.

கப்பலை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. துறைமுக ஊரில் பிறந்து வளர்ந்தவள் சொல்கிறேன். பக்கவாட்டில் நின்று அண்ணாந்தால் வானம் பாதி இரும்பாகிவிடுகிறது. ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். மேலே ஒருவர் கை நீட்டினார். நான் நினைத்ததைவிடக் குட்டை. காதோரம் நரை. நகத்தில் கிரீஸ்.

"நீங்கதான கிளாடிஸ்?"

"நீங்கதான ததேயு?"

நேரே கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனோம். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. "மேல வாறீங்களா? ஒண்ணு காட்டணும்" என்றார்.

உச்சித் தளத்தில் வெள்ளையாக ஒரு பெரிய உருண்டை. என் உயரம் இருக்கும். "டிரான்ஸ்மிட்டர நிறுத்திட்டேன், பயம் இல்ல" என்று சொல்லி அடிப்பக்கத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார். குனிந்து உள்ளே பார்த்தேன். ஒரு டிஷ், மெல்லிய இரும்புக் கைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா இல்லை. மிக லேசாக, மூச்சு விடுவதுபோல, இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே இருந்தது.

"ஏன் அசையுது? கப்பல் கட்டித்தான கிடக்கு?"

"கிரேன் ஒவ்வொரு தடவ கரிய அள்ளும்போதும் கப்பல் கொஞ்சம் எழும்பும். நமக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும். நம்ம அசைஞ்சா அதுவும் அசைஞ்சு, பாத்த எடத்தையே பாத்துக்கிட்டு இருக்கும். தென்னாப்பிரிக்க முனைகிட்ட கப்பல் முப்பது டிகிரி சாஞ்சப்பவும் இப்படித்தான்."

"எதப் பாக்குது?"

அவர் கையை உயர்த்தி, தலைக்கு மேலே கொஞ்சம் மேற்கே காட்டினார். மழைமேகம் விலகியிருந்தது. வெறும் நீலம். இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கே எதுவும் தெரியவில்லை. கீழே கிரேன் அள்ளுவதும் கொட்டுவதும் கேட்டுக்கொண்டிருந்தது, உருண்டைக்குள் அந்த டிஷ் எங்களைவிட நிச்சயமாக அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக நான் படித்த ஒவ்வொரு வரியும் அந்த நீலத்தைத் தொட்டுவிட்டு வந்தது என்று நினைத்தேன். கழுத்து வலித்தது. தலையைத் தாழ்த்த மனம் வரவில்லை.

இறங்கும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார். அம்மாவுக்குக் கம்பளிச் சால்வையாம். கப்பல் வெள்ளிக்கிழமையே கிளம்புவதால் வீட்டுக்குப் போய்வர லீவு கிடைக்கவில்லை.

"குளச்சல் பக்கம் எப்பமாவது போவீங்களா?"

நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. போவதுண்டு என்றேன்.

டிசம்பர் 2, வெள்ளி

செலஸ்டா காலையில் கிளம்பியது. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் என்று கேப்டன் சொன்னார். தெரிந்தது.

டிசம்பர் 3, சனி

அம்மா அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "யாருக்கு இது?"

"செலஸ்டா எலெக்ட்ரிக்கல் ஆபீசரோட அம்மாவுக்கு. குளச்சல். நாளைக்குப் போய்க் குடுத்துட்டு வந்துருவேன். ஆபீஸ் வேலை."

"ஞாயித்துக்கெழமயும் ஆபீஸ் உண்டா?"

நான் தலை சீவிக்கொண்டிருந்தேன். அம்மா பொட்டலத்தை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"நானும் வாரேன்" என்று அங்கிருந்தே சொன்னாள். "மொத தடவ ஒரு வீட்டுக்குப் போறப்ப வெறுங்கைய வீசிக்கிட்டுப் போவக்கூடாது. சாயந்தரம் கடைக்குப் போயி மக்ரூன் ரெண்டு பெட்டி வாங்கிட்டு வா. புதுசா போட்டதான்னு கேட்டு வாங்கு."

மக்ரூன் வாங்கியாயிற்று. சர்வரில் கோளாறு எதுவும் இல்லை.